நம்ம கைக்கு ஏத்த கத்தி

(கூட்டமைப்பின் ஆண்டு விழாக் கூட்டத்தில் பேசியது)



எனக்கு முன்னாடி பேசினவங்க கடன் திருப்புறது பத்தியும், ஆடு வளர்ப்பு பத்தியும் நல்லா பேசிட்டாங்க. செயலாளர் அக்கா என்கிட்ட, "நீ வீட்டுல இருக்கிறவ, வீட்டுல தினம் புழங்குற ஒரு பொருளைப் பத்தி பத்து நிமிஷம் பேசு" என்று சொன்னார்கள். நான் கத்தியைப் பத்திப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். பையில ரெண்டு கத்தி இருக்கு. முன் வரிசையில உட்கார்ந்திருக்கிற அத்தைங்க பயப்பட வேண்டாம், ரெண்டையும் துணியில சுத்தித்தான் வெச்சிருக்கேன்.

இந்த முதல் கத்தி ஜப்பான் கத்தி. என் தம்பி சிங்கப்பூர்ல ஒரு ஓட்டல் சமையல்கட்டுல வேலை பார்க்கிறான். போன பொங்கலுக்கு வந்தப்ப, "அக்கா, நீ காய் நறுக்குற கஷ்டத்தைப் பார்த்துதான் வாங்கினேன்" என்று கொடுத்தான். பார்க்க ஒண்ணும் பிரமாதமா இருக்காது. ஆறு அங்குலம் அலகு, பிடி மரத்துல எட்டுப் பட்டையா இருக்கு. முதுகு பக்கம் சுத்தியால அடிச்ச தழும்பு அப்படியே தெரியும். எங்க அத்தை வாங்கிப் பார்த்துட்டு, "என்னடா, பாலிஷ் பண்ணாத கத்தியைக் கொடுத்து ஏமாத்திட்டானா கடைக்காரன்" என்று கேட்டார்கள். விலையைக் கேட்டதும் அத்தை கீழே வெச்சுட்டாங்க. நம்ம ஊர் காசுக்கு ஒன்பதாயிரம் ரூபாய்க்கு மேல. ஒரு கன்னுக்குட்டி வாங்கற காசு!

ஆனா மறுநாள் தக்காளி நறுக்கினேன் பாருங்க. நம்ம கடைக் கத்தியில தக்காளியை நறுக்கினா முதல்ல தோலு அமுங்கும், அப்புறம் வழுக்கும், அதுக்கப்புறம் உள்ள இருக்கிற சாறெல்லாம் பலகையில ஓடும். இதுல அப்படி இல்லை. கத்தியோட எடை மட்டும் போதும், தானா இறங்குது. சின்ன வெங்காயம் அரை கிலோ அரிஞ்சேன், கண்ணுல தண்ணி ரொம்பக் குறைவு. மொண்ணைக் கத்தி வெங்காயத்தை அரியறதில்லை, நசுக்குது. நசுங்கறப்பதான் அந்தக் காரம் தெறிச்சு கண்ணுக்கு வருது.

இது ஏன் இப்படி நறுக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சுக்கணும் போல இருந்துச்சு. தம்பியைக் கேட்டேன். என் மக எட்டாவது படிக்கிறா, அவளும் போன்ல தேடிப் படிச்சுச் சொன்னா.

ஜப்பான்ல ஒசாகாவுக்குப் பக்கத்துல சக்காய் என்று ஒரு ஊர். கத்திக்கே பேர் போன ஊர், நமக்குத் திருப்பாச்சேத்தி அருவா மாதிரி. 1500-களில் போர்ச்சுகீசியர் மூலமா ஜப்பானுக்குப் புகையிலை வந்ததாம். அதை மெல்லிசா நறுக்க கத்தி வேணும். சக்காய் கொல்லர்கள் செஞ்ச புகையிலைக் கத்தி நல்லா இருந்ததால, அரசாங்கமே அதுக்கு முத்திரை போட்டு நாடு முழுக்க வித்திருக்காங்க. அப்புறம் 1876-ல, இனிமே யாரும் இடுப்புல வாள் கட்டிக்கிட்டு நடக்கக் கூடாதுன்னு அங்க ஒரு சட்டம் வந்தது. வாள் அடிச்சிட்டு இருந்த கொல்லர்களுக்குப் பொழப்பு போச்சு. அவங்கள்ல நிறைய பேர் சமையல் கத்திக்கும் கத்தரிக்கோலுக்கும் மாறிட்டாங்க. ஆக, ராஜாவுக்கு வாள் அடிச்ச கை அடுப்படிக்குக் கத்தி அடிக்க வந்தது. என் கையில இருக்கிற இந்த வகைக்கு அவங்க வைக்கிற பேருக்கு "மூணு குணம்" என்று அர்த்தமாம். கறி, மீன், காய் மூணுக்கும் ஒரே கத்தி. வீட்டுப் பொம்பளைங்க சமைக்கிறதுக்குன்னு செஞ்சது.

சக்காய்ல ஒரு கத்தியை ஒரே ஆள் முழுசா செய்யறதில்லை. கொல்லர் அடிச்சு பதம் வைக்கிறதோட சரி. சாணை பிடிக்கிறவர் வேற பட்டறை, பிடி போடறவர் வேற பட்டறை. அலகு முழுக்க ஒரே இரும்பும் இல்லை. நடுவுல கெட்டியான எஃகு, அதுக்கு ரெண்டு பக்கமும் மெதுவான இரும்பு, பன்னுக்கு நடுவுல ஜாம் வெச்ச மாதிரி. கூர் நிக்கிறதுக்கு நடு எஃகு. அந்த எஃகு கெட்டியா இருக்கிறதால சுலபமா உடைஞ்சிரும், அது உடையாம தாங்கறதுக்கு வெளி இரும்பு. நடுவுல வைக்கிற எஃகுக்கு வெள்ளைக் காகிதம், நீலக் காகிதம் என்று பேர். கம்பெனியில இருந்து எந்தக் கலர் காகிதம் சுத்தி வருதோ அதையே பேரா வெச்சுட்டாங்க. நாம மஞ்ச டப்பா, சிவப்பு டப்பான்னு கடையில கேக்கிற மாதிரிதான்.

இதையெல்லாம் கேட்டப்ப எனக்கு ஒரு யோசனை வந்தது. கத்தியை எடுத்துக்கிட்டு நம்ம கொல்லுப்பட்டறைக்குப் போனேன்.

ஆசாரி அண்ணனை இங்க இருக்கிற எல்லாருக்கும் தெரியும். நம்ம வீட்டு களைக்கொத்து, கருக்கருவா, மண்வெட்டி எல்லாம் அவர் கையில பட்டதுதான். அவர் கத்தியை வாங்கி, வெளிச்சத்துல சாய்ச்சு, கூர்ப் பக்கமா ஒரு நிமிஷம் பார்த்தார். அலகோரமா மங்கலா அலை மாதிரி ஒரு கோடு ஓடும். அதைக் காட்டி, "எஃகு வெச்சு அடிச்சிருக்கான்மா. எங்க அப்பா மண்வெட்டிக்கும் கோடாலிக்கும் இப்படித்தான் வெப்பார்" என்றார். நான் போன்ல படிச்சு தெரிஞ்சுக்கிட்டதை அவர் பார்த்த பார்வையில சொல்லிட்டார். அப்புறம் பிடியை உருட்டிப் பார்த்துட்டு, "காம்பைப் பழுக்கக் காய்ச்சி மரத்துல இறக்கியிருக்கான், நாம இறக்குற மாதிரியே" என்றார். அவங்க பூணுக்கு எருமைக் கொம்பு போடறாங்க, நம்மவர் இரும்பு வளையம் போடறார். அதுதான் வித்தியாசம்.

அக்காமார்களே, இதுல ஆச்சரியப்பட ஒண்ணும் இல்லை. எஃகுக்குப் பேர் வாங்கின மண்ணே நம்ம மண்ணுதான். ஈரோடு மாவட்டத்துல நொய்யல் ஆத்தங்கரையில கொடுமணல்னு ஒரு ஊர் இருக்கு. அங்க தோண்டினப்ப இரும்பு உருக்கின உலைகள் கிடைச்சிருக்கு. நமக்கு இன்னும் கிட்டத்துல, பழைய தென்னார்க்காடு மாவட்டத்து மேல்சிறுவளூர்ல மண் மூசையில எஃகு காய்ச்சின அடையாளம் இருக்கு. இரும்புத் துண்டை மண் மூசையில போட்டு, கூட ஆவாரங் குச்சியும் எருக்கிலையும் வெச்சு, வாயை மண்ணால பூசி மூடி, கரி உலையில வெச்சு ஊதி ஊதிக் காய்ச்சுவாங்களாம். குச்சியும் இலையும் கரியாகி இரும்புக்குள்ள போயிரும். அந்தக் கரி போற அளவுலதான் இரும்பு எஃகா மாறுது. இதுக்கு நம்ம பேரு உருக்கு. கன்னடத்துல உக்கு. வெள்ளைக்காரன் வாயில அது வூட்ஸ் ஆயிருச்சு. அரபு நாட்டுக்கெல்லாம் போயி வாளானது இந்த எஃகுதான். 1795-ல லண்டன்ல இதைப் பத்தி ஆராய்ச்சிக் கட்டுரையே வாசிச்சிருக்காங்க. கரண்ட்டைப் பத்தி நம்ம பிள்ளைங்க பாடத்துல படிக்கிற மைக்கேல் பாரடே இருக்காரே, அவரும் இதை வெச்சு சோதனை பண்ணினவர். அவரே ஒரு கொல்லர் மகன். 2025 ஜனவரியில தமிழ்நாடு அரசு "இரும்பின் தொன்மை" என்று ஒரு அறிக்கை வெளியிட்டது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில கிடைச்ச இரும்பு 5,300 வருசத்துக்கு முந்தையது என்று அதுல சொல்லியிருக்காங்க. டிவியில எல்லாரும் பார்த்திருப்பீங்க.

அவ்வளவு பழைய தொழில், நம்ம ஊர்ல எப்படி இருக்கு? ஆசாரி அண்ணன் பட்டறையில இப்ப வாரத்துக்கு ரெண்டு நாள்தான் உலை மூட்டறார். முன்னாடி ஏர்க்கொழு இருந்தது, வண்டிப் பட்டை இருந்தது, அறுப்புக்கு முன்னாடி கருக்கருவாளுக்குப் பல் வெட்டக் கூட்டம் நிக்கும். களத்துல நெல்லு அளந்து கூலி கொடுத்தாங்க. டிராக்டர் வந்ததும் கொழு போச்சு. அறுவடை மெஷின் வந்ததும் கருக்கருவா போச்சு. மிச்சம் இருக்கிறது நம்ம களைக்கொத்தும் அருவாமனையும்தான். அதுவும் நாம என்ன பண்றோம், திருவிழாக் கடையிலயும் வண்டியிலயும் அறுபது ரூபாய்க்குப் பளபளன்னு விக்கிற சில்வர் கத்தியை வாங்கிடறோம். வாங்கி ஒரு மாசம் நல்லா இருக்கும். அப்புறம் மழுங்கும். சாணை பிடிக்கிறவர்கிட்ட கொடுத்தா, "இதுல கூர் நிக்காதும்மா, வெறும் தகடு" என்பார். எங்க வீட்டுல ஒரு வருசத்துல அப்படி நாலு கத்தி. ஒண்ணுக்கு பிளாஸ்டிக் பிடி, பூசணிக்காய் வெட்டறப்ப கழண்டு கையோட வந்துருச்சு. நல்ல வேளை கத்தி மேல விழல.

சில்வர் எல்லாமே மோசம் என்று நான் சொல்ல வரல. நல்ல சில்வர் கத்தியும் இருக்கு, துருப்பிடிக்காது, எலுமிச்சம்பழம் நறுக்கினா கறுக்காது. ஆனா அதுக்கு விலை அதிகம். அறுபது ரூபாய்க்கு அது வராது.

சரி, நான் ஆசாரி அண்ணனைக் கேட்டேன், "அண்ணே, இதே மாதிரி எனக்கு ஒண்ணு அடிச்சுத் தர முடியுமா?" அவர் சிரிச்சுட்டு, "அந்த எஃகு என்கிட்ட இல்லை. லாரிப் பட்டை இருக்கு, அதுல அடிச்சுத் தரேன்" என்றார். லாரி சக்கரத்துக்கு மேல அடுக்கடுக்கா பட்டை இருக்குமே, பாரத்தைத் தாங்கி வளைஞ்சு கொடுக்கிறது, அந்தப் பட்டைதான். அது நல்ல எஃகு. உடைஞ்ச பட்டையைப் பழைய இரும்புக் கடையில எடைக்கு வாங்கிட்டு வருவார். ஜப்பான்காரன் எஃகு அளவுக்கு அதுல கரிச் சத்து கிடையாது, அதனால கூர் கொஞ்சம் சீக்கிரம் போகும். ஆனா சுலபத்துல உடையாது.

பட்டறையில அன்னைக்கு நான் மூணு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். பட்டை விரல் தடிமன் இருக்கும். சமையல் கத்திக்கு முதுகுல ரெண்டு மில்லி இருந்தாப் போதும். அவ்வளவு தடிமனை அடிச்சு அடிச்சு ஒட்டணும். கருவேலங் கரி உலை. ஆசாரி அண்ணன் கொறடால பிடிச்சுக்கிட்டு சின்ன சுத்தியால இடத்தைத் தட்டிக் காட்டறார். அந்த இடத்துல சம்மட்டி அடிக்கிறது யாரு? அவங்க வீட்டு அண்ணி! பட்டறைப் புகை, வெயில், அவங்க தலையில துண்டைக் கட்டிக்கிட்டு, ஏழு கிலோ சம்மட்டியைத் தூக்கி அடிக்கிறாங்க. ஆள் வெச்சா சம்பளம் கொடுக்க முடியாதுன்னு இருபத்திரண்டு வருசமா அவங்கதான் அடிக்கிறாங்க. நம்ம வீட்டு களைக்கொத்துல பாதி அவங்க அடிச்சது. ஊர்ல யாரும் அதை அவங்க செஞ்சதுன்னு சொன்னதில்லை. "ஆசாரி அடிச்சது"ன்னுதான் சொல்றோம்.

உருவம் வந்ததும் பதம் வைக்கிறது. அதுதான் உயிர். அலகைச் செக்கச் செவேல்னு காய்ச்சி, கூர்ப் பக்கத்தை மட்டும் தண்ணியில தோய்ப்பார். உடனே வெளிய எடுத்து, கல்லுல ஒரு தேய்ப்பு தேய்ச்சு, வெள்ளை தெரியற இடத்தை உத்துப் பார்ப்பார். முதுகுல மிச்சம் இருக்கிற சூடு மெல்ல கூர்ப் பக்கம் இறங்கும். இறங்க இறங்க நிறம் மாறும். வைக்கோல் நிறம் வந்ததும் மறுபடி தண்ணி. நீலம் வர விட்டா கூர் மெத்துனு போயிரும். நிறமே வராம நிறுத்திட்டா கண்ணாடி மாதிரி உடையும். இதுக்கு மீட்டர் கிடையாது, கண்ணுதான் மீட்டர். பட்டறைக்குள்ள ஏன் இருட்டா வெச்சிருக்காங்கன்னு எனக்கு அன்னைக்குத்தான் புரிஞ்சது. வெயில்ல அலகு காயற சிவப்பு நிறம் சரியாத் தெரியாது.

இந்தா, இதுதான் அந்தக் கத்தி. எல்லாரும் கை மாத்தி மாத்திப் பாருங்க, கூர்ல விரல் வைக்காதீங்க. விலை முந்நூற்றைம்பது ரூபாய்.

முதல்ல அடிச்சுக் கொடுத்தது இது இல்லை. அது தடியா இருந்தது. கேரட்டை நறுக்கினா அரியறதுக்குப் பதிலா பிளந்துச்சு. நான் போயி, "அண்ணே, இன்னும் மெல்லிசா வேணும், பிடியும் சிறுசா வேணும், என் கைக்குள்ள அடங்கல" என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு ஒண்ணு சொன்னார். "நாற்பது வருசமா அடிக்கிறேன், எந்தப் பொம்பளையும் வந்து பிடி அளவு சொன்னதில்லைம்மா. ஆம்பளைங்க வந்து வாங்கிட்டுப் போவாங்க, அவங்க கைக்குத்தான் போட்டுக் கொடுப்பேன்" என்றார்.

அக்கா, இதை நான் சும்மா கடந்து போக முடியல. நாம களை எடுக்கிற கொத்து நம்ம பொருள், காய் அரியற கத்தி நம்ம பொருள், அளவு மட்டும் ஆம்பளை கைக்கு! அப்புறம் மணிக்கட்டு வலிக்குது, தோள்பட்டை இழுக்குதுன்னு தைலம் தேய்க்கிறோம். ஆசாரி அண்ணன் அண்ணியோட கையைப் பிடிச்சுப் பார்த்து அளவெடுத்து, ரெண்டாவதா இந்தப் பிடியைப் போட்டுக் கொடுத்தார். ஒரு விரல் அளவு குறைச்சிருக்கார், அவ்வளவுதான். எனக்கு அது பெரிய வித்தியாசம்.

ரெண்டு கத்தியையும் வெச்சு ஆறு மாசமா சமைக்கிறேன். உள்ளதைச் சொல்லணும். ஜப்பான் கத்தி நம்மதைவிடக் கூர்தான், மெல்லிசுதான். பீன்ஸ், கோஸ், தக்காளி, வெங்காயத்துக்கு அதை அடிச்சுக்க முடியாது. ஆனா அதுல கோழி எலும்பை வெட்ட முடியாது, தேங்காய்ல வைக்கவே கூடாது, கூர் பொரிஞ்சு போயிரும். பலாக்கொட்டை, காய்ஞ்ச கொப்பரை, மீன் தலை இதுக்கெல்லாம் நம்ம பட்டறைக் கத்திதான். கூர் போனா கல்லுல நாலு தேய்ப்பு, மறுபடி வந்துரும். இன்னொண்ணு, நம்மது உடைஞ்சா கொடுத்து அடிச்சுக்க ஆள் பக்கத்துத் தெருவுல இருக்கார். ஜப்பான் கத்திக்கு நான் சக்காய்க்கா போக முடியும்?

அருவாமனையை இங்க யாரும் விட்டுற வேண்டாம். கீழ உட்கார முடிஞ்சவங்களுக்கு அதை மாதிரி சவுகரியம் இல்லை. கத்தி நிக்குது, ரெண்டு கையும் காய்ல இருக்கு, வாழைப்பூ, கீரை எல்லாம் மளமளன்னு ஆகும். ஆந்திரா, கர்நாடகா, மகாராஷ்டிரா, வங்காளம்னு எல்லா ஊர்லயும் வேற வேற பேர்ல இருக்கு. ஆனா முட்டி வலிக்காரங்க இப்ப நின்னுதான் சமைக்கிறோம், மேடை மேல கத்திதான் தோது.

இதை ஏன் கூட்டமைப்புக் கூட்டத்துல பேசறேன் என்றால், நம்ம குழு அக்காங்க முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்துல சமைக்கிறாங்க. 2022 செப்டம்பர் 15-ல மதுரையில ஆரம்பிச்ச திட்டம், அடுத்த வருசம் ஆகஸ்ட்ல எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் வந்தது. ஊர்ப்பக்கம் அடுப்பு நம்ம மகளிர் குழு கையிலதான். விடியக்காலை அஞ்சு மணிக்கெல்லாம் போயி, பிள்ளைங்க வர்றதுக்குள்ள உப்புமா, கிச்சடி, பொங்கல், காய்கறி சாம்பார். தினமும் காய் நறுக்கணும். கல்யாண ஆர்டர் எடுக்கிற குழு வேற இருக்கு, அவங்களுக்கு ஒரே ராத்திரியில இருபது கிலோ வெங்காயம். அந்தக் கூட்டத்துல நானும் போயி உட்கார்ந்து அரிஞ்சிருக்கேன். யார் கையிலயும் நல்ல கத்தி கிடையாது. மொண்ணைக் கத்தியை அமுக்கி அமுக்கி நறுக்கறோம், அமுக்கறப்பதான் வழுக்கி விரல்ல ஏறுது. கூரா இருக்கிற கத்தியை அமுக்கவே வேண்டாம். கத்தி கூரா இருந்தா கையை வெட்டும்னு நம்ம வீட்டுப் பெரியவங்க சொல்லுவாங்க. என் அனுபவத்துல மொண்ணைதான் அதிகமா வெட்டியிருக்கு.

இந்தக் கத்தியை வெச்சுக்கிற விதத்தையும் சொல்லிடறேன். துருப்பிடிக்கிற எஃகு இது, ரெண்டுமே. நறுக்கி முடிச்சதும் கழுவி உடனே துடைக்கணும், ஈரத்தோட பாத்திரக் கூடையில போடக் கூடாது. வாழைக்காய், வாழைப்பூ, புளி, எலுமிச்சை பட்டா கறுத்துப் போகும். அதுல பயப்பட ஒண்ணும் இல்லை, இரும்புச் சட்டி கறுக்கிற மாதிரிதான். சிவப்பாத் துரு வந்தா மட்டும் சாம்பல் போட்டுத் தேய்ச்சிருங்க. ஊருக்குப் போற நாள்ல ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவி வைங்க. ஜப்பான்ல கமீலியா என்று ஒரு பூச்செடியோட விதை எண்ணெய் தடவறாங்களாம், வேலை ஒண்ணுதான். சில்வர் தட்டுலயும், கடப்பாக் கல் மேடையிலயும் வெச்சு நறுக்கவே நறுக்காதீங்க, ஒரே நாள்ல கூர் போயிரும். மரப் பலகை வேணும். கறிக்கடையில ஏன் புளியங் கட்டை வெச்சிருக்காங்கன்னு நினைக்கிறீங்க? மரமறுக்கிற மில்லுல மிச்சத் துண்டு கேட்டா கிடைக்கும்.

கூர் பிடிக்கிறதை நாமளே கத்துக்கலாம். இரும்புக் கடையில ரெண்டு பக்கக் கல் விக்கும், ஒரு பக்கம் சொரசொரப்பு, ஒரு பக்கம் நைசு. தண்ணியில கால் மணி நேரம் ஊறப் போடுங்க. கீழ ஈரத் துணியை விரிச்சு வெச்சா கல்லு நகராது. கத்தியைப் படுக்க வெச்சு, முதுகை மட்டும் கொஞ்சம் தூக்கணும். எவ்வளவுன்னா, முதுகுக்கும் கல்லுக்கும் நடுவுல சுண்டு விரல் நுனி நுழையணும், அவ்வளவுதான். அந்தச் சாய்வு மாறாம முன்னும் பின்னும் தேய்க்கணும். இதுல அவசரப்படறவங்களுக்குக் கூர் வராது. கொஞ்ச நேரத்துல மறுபக்கம் விரலை வெளிப்பக்கமா தடவிப் பார்த்தா பிசிறு தட்டுப்படும். பிசிறு வந்துட்டா திருப்பிப் போடலாம். சொரசொரப்புல ரெண்டு பக்கமும் முடிச்சுட்டு, நைசுல லேசா பத்து தேய்ப்பு. பிசிறு போயிரணும். பழுத்த தக்காளியில வெச்சுப் பாருங்க, அமுக்காம இறங்கினா சரி. அருவாமனைக்கு மட்டும் கல்லைக் கையில எடுத்து அலகுல தேய்க்கணும், விரல் கல்லுக்குப் பின்னாடியே இருக்கணும். கல்லே இல்லாத அவசரத்துக்கு, பீங்கான் கப்பைக் கவுத்தா அடியில சொரசொரன்னு ஒரு வளையம் இருக்கும், அதுல நாலு இழுப்பு இழுக்கலாம்.

இப்ப கூட்டமைப்புக்கு என் கோரிக்கை. தலைவி அக்கா குறிச்சுக்கிட்டா நல்லா இருக்கும்.

நம்ம குழுக்கள்ல அறுபது பேர் ஒரு கத்தி வேணும்னு சொன்னாப் போதும். 60 கத்தி, 350 ரூபாய்னா 21,000 ரூபாய். மாசம் 50 ரூபாய்னு சேமிப்போட சேர்த்துக் கட்டினா ஏழு மாசத்துல முடிஞ்சிரும். ஆசாரி அண்ணனுக்கு ஒட்டுமொத்தமா ஆர்டர் போனா, அவர் பட்டையும் கரியும் மொத்தமா வாங்குவார். உலையை வாரத்துக்கு அஞ்சு நாள் மூட்டுவார். ஒரே நேரத்துல தர முடியாது, வாரத்துக்கு எட்டு பத்துதான் ஆகும்னு அவரே சொல்லிட்டார். காலை உணவு சமைக்கிறவங்களுக்கு முதல்ல கொடுக்கணும்னு நான் நினைக்கிறேன், நீங்க என்ன சொல்றீங்களோ தெரியாது. பிடி அளவு மட்டும் அவங்கவங்க கையை வெச்சுத்தான்.

"ஆன்லைன்ல இருநூறுக்கு அஞ்சு கத்தி செட்டே வருதே" என்று எங்க குழுவுல ஒரு தங்கச்சி கேட்டா. வருது. அதுல அஞ்சும் மழுங்கினதுக்கு அப்புறம் என்ன பண்றதுன்னு அவளையே கேட்டேன். "மறுபடி வாங்கணும்" என்றாள். அந்தக் காசு திரும்பி நம்ம ஊருக்கு வர்றதில்லை.

அடுத்தது அண்ணியைப் பத்தி. ஆசாரி வீடு ஊர்ல ஒரே வீடு. அந்த அண்ணி எந்தக் குழுவிலயும் இல்லை. ஏன் சேரலைன்னு கேட்டேன். "கூட்டம் போடற நேரம் உலை எரியுது, விட்டுட்டு வர முடியாது. ரெண்டு கூட்டத்துக்கு வரலைன்னா அபராதம் போடுவாங்க, அப்புறம் பேர் எடுத்துருவாங்க, எதுக்கு வம்பு" என்றார்கள். அவங்க கரி வாங்கறதுக்கு வெளிய வட்டிக்கு வாங்கறாங்க. நம்ம குழுவுல உள்கடனுக்கு என்ன வட்டி, வெளிய என்ன வட்டின்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். எங்க குழுவுல ஒரு இடம் காலியா இருக்கு. கூட்டத்தைச் சாயங்காலம் ஏழு மணிக்கு மாத்தினா அவங்களால வர முடியும். எங்க ஊக்குநர் அக்கா சரின்னு சொல்லிட்டாங்க, ரெண்டு பேர் மட்டும் சீரியல் நேரம்னு யோசிக்கிறாங்க. (சிரிக்காதீங்க, அவங்க இங்கதான் உட்கார்ந்திருக்காங்க.)

இன்னொண்ணு, கைவினைஞர்களுக்குன்னு கலைஞர் கைவினைத் திட்டம் 2025 ஏப்ரல்ல தொடங்கியிருக்காங்க. 25 வகைத் தொழிலுக்கு, மூணு லட்சம் வரைக்கும் கடன், அதுல 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். உலோக வேலையும் அதுல வருது. 35 வயசு முடிஞ்சிருக்கணும். மாவட்டத் தொழில் மையத்துல விண்ணப்பிக்கணும். ஆசாரி அண்ணனுக்கு மோட்டார்ல ஓடற சுத்தி மெஷின் வாங்கணும்னு ரொம்ப நாள் ஆசை. அது வந்தா அண்ணி சம்மட்டி தூக்க வேண்டியதில்லை. அவங்களுக்கு இப்பவே தோள் ஒரு பக்கம் தூக்க முடியல. விண்ணப்பம் எழுத நம்ம கூட்டமைப்புக் கணக்காளர் தங்கச்சி உதவி பண்ணினா போதும். அவங்க பையன் திருப்பூருக்குப் போயிட்டான், பட்டறைக்கு வர மாட்டேன்னுட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். ஏழு கிலோ சம்மட்டியை எந்தப் பிள்ளை தூக்கணும்னு நினைக்கும்?

நேரம் ஆயிருச்சுன்னு மணி அடிச்சுட்டாங்க. கத்தி வேணும்கிறவங்க போறப்ப நோட்டுல பேரையும் குழு பேரையும் எழுதிட்டுப் போங்க. அடுத்த மாசக் கூட்டத்துக்கு வர்றப்ப உங்க வீட்டு மொண்ணைக் கத்தியைத் துணியில சுத்தி எடுத்துட்டு வாங்க, நான் கல்லு கொண்டு வரேன். ஆளுக்கு ஒண்ணு, உட்கார்ந்து தேய்ச்சுப் பார்த்துரலாம். அந்தச் சாந்தோட்டு மஞ்சள் சேலை அக்கா, என் கத்தி உங்க கையிலயே இருக்கு, கொடுத்துட்டுப் போங்க.